நட்பு என்னும் சொல்லாடல்: ஒருபால் உறவுகளும் வரலாறு எழுதியவர்களின் மௌனமும்

1

எங்கள் ஊர் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில் இருக்கிறது. அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த தலம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லாத சங்கதி ஒன்றும் உண்டு. சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்த பல்லவ மன்னன், பாடலிபுத்திரத்தில் (இன்றைய திருப்பாதிரிப்புலியூர்) இருந்த சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்பது அது. இதை எழுதி வைத்தவர் ஏதோ ஒரு நாத்திகர் அல்ல, சேக்கிழார்தான். பெருமையாகவே எழுதியிருக்கிறார். கல் எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. இன்னொரு பெயரில், இன்னொரு கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் ‘சமணமும் தமிழும்’ எழுதியபோது செய்தது அந்தப் பழைய பெயரைத் தேடிப்போன வேலை. அதற்குப் பிறகு நாமும் நிறையத் தேடியாயிற்று. பௌத்தம், தலித் வரலாறு, பெண்களின் வரலாறு என்று மறைக்கப்பட்டவை பற்றிச் சிறுபத்திரிகைக்காரர்கள் எழுதிக் குவித்திருக்கிறோம். ஆனால் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கொண்ட உறவுகளின் வரலாறு என்று பேச்செடுத்தால் மட்டும், ‘அதெல்லாம் நம்ம ஊர்ல ஏதுங்க?’ என்று சிரிக்கிற தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேற்கத்தியச் சரக்கு, மேட்டுக்குடி விவகாரம் என்பது கொஞ்சம் படித்தவர்களின் பதில். 2023இல் ஒருபால் திருமண வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதும் இதேதான், நகரத்து மேட்டுக்குடியின் பார்வை என்று. முற்போக்காளரும் ஒன்றிய அரசும் ஒரே வரியில் ஒத்துப்போகிற அபூர்வமான இடம் இது!

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் ஒருவரான இந்து மல்ஹோத்ரா, இம்மக்களிடமும் இவர்களின் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். நல்ல வாசகம்தான். ஆனால் வரலாறு என்றால் யார்? அதற்குத் தனியாக வாய் இருக்கிறதா? மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வரலாற்றை எழுதியவர்கள். உரையாசிரியர்கள், பதிப்பாசிரியர்கள், பாடநூல்காரர்கள், விமர்சகர்கள். (நான் இதில் எங்கே வருகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.) இவர்களுக்கு விஷயம் தெரியாமல் போய்விடவில்லை, தெரிந்ததைத்தான் வேறு பெயர்களில் எடுத்து அடுக்கினார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த அடுக்குமுறை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

2

முதலில் சொல் பிரச்சினை. நம் பத்திரிகைகளில் நெடுங்காலம் புழங்கியது ‘ஓரினச் சேர்க்கை’. இந்தச் சொல் ஓர் உறவு முழுவதையும் படுக்கைக்குள் கொண்டுபோய் அடைக்கிறது. புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிற இரண்டு பேரை ‘ஈரினச் சேர்க்கையாளர்’ என்று நாம் யாராவது அழைக்கிறோமா? அவர்களுக்கு என்றால் காதல், குடும்பம், வாழ்க்கை. இவர்களுக்கு என்றால் சேர்க்கை! சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பு’ போன்ற சொற்கள் இன்று செய்தித்தாள் வரைக்கும் வந்துவிட்டன. கடந்த காலத்தைப் பற்றிப் பேசுவதால் நான் இங்கே ‘ஒருபால் உறவு’ என்றே எழுதுகிறேன். ஈர்ப்பு, ஏக்கம், கூடி வாழ்தல், கூடிச் சாதல் எல்லாமே அதில் அடக்கம்.

இரண்டாவது, கால வழு பற்றிய பிரச்சினை. ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லே 1869இல்தான் அச்சில் வந்தது. அதுவரை ஒரு செயலாகப் பார்க்கப்பட்டதை 19ஆம் நூற்றாண்டின் மருத்துவமும் சட்டமும் ஒரு தனி மனித வகையாகக் கட்டமைத்தன என்று ஃபூக்கோ 1976இல் வெளியான பாலியல்பு வரலாற்றின் முதல் தொகுதியில் காட்டினார். ஆகவே சங்ககாலத்து ஆள் ஒருவரைப் பிடித்து ‘இவர் இன்ன வகை’ என்று இன்றைய சீட்டை ஒட்டுவது சரியல்ல. ஒத்துக்கொள்வோம்.

ஆனால் இந்த எச்சரிக்கையே ஒரு தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிட்டது. சொல் அப்போது இல்லை, ஆகவே உறவும் இல்லை என்கிறார்கள். ‘வர்க்கம்’ என்ற சொல்லும் சங்ககாலத்தில் இன்றைய பொருளில் இல்லைதான். சங்ககால வர்க்க உருவாக்கம் பற்றி நாம் எழுதாமலா விட்டோம்? ‘வீரயுகம்’ என்ற கருத்தாக்கமே கிரேக்கக் காப்பிய ஆய்விலிருந்து இரவல் வாங்கியது. கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு அது நம் வகுப்பறைகளின் சொத்தாகிவிட்டது. அந்த வீரயுகத்தின் நாயகர்களான அக்கிலீஸ், பத்ரோக்ளஸ் இருவரின் உறவு எப்படிப்பட்டது என்று பிளேட்டோ காலத்திலிருந்தே அங்கே விவாதம் நடக்கிறது. யுகத்தை இரவல் வாங்கிய நம் வகுப்பறைகளுக்கு அந்த விவாதம் வந்து சேரவில்லை.

3

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது எங்களுக்கு மனப்பாடமான வரையறை ஒன்று உண்டு. ஒத்த அன்புடைய ஒருவனும் ஒருத்தியும் கூடும்போது பிறக்கிற, பிறருக்கு எடுத்துச் சொல்ல முடியாத இன்பமே அகம் என்று நச்சினார்க்கினியர் சொல்வது. ஒருவன், ஒருத்தி. அதற்கு மேல் இன்னொரு விதி: அகத்தில் யாருடைய இயற்பெயரும் வரக்கூடாது, பெயர் சுட்டினால் அது புறம். இந்த இரண்டு விதிகளும் சேர்ந்தால் என்ன நடக்கும்? இரண்டு ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் உருகினாலும் அதற்கு அகத்தில் திணை கிடையாது. நேரே புறத்துக்குப் போகவேண்டியதுதான். அங்கே அதற்குக் காத்திருக்கிற பெயர், நட்பு.

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழனைச் சுற்றி இருக்கிற பாடல்களை இந்த நினைப்போடு மறுவாசிப்புச் செய்து பாருங்கள். பாண்டிய நாட்டுப் பிசிரில் இருக்கிற ஆந்தையார், உறையூரில் இருக்கிற சோழனுக்கு அன்னச்சேவலைத் தூது விடுகிறார் (67). நீ நேரே அரண்மனைக்குள் போ, ஆந்தையின் ஆள் என்று சொல், உன் பேடைக்கு நகை தருவான் என்கிறார். இருவரும் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. பிறகு மகன்களோடு மூண்ட பகையில் மனம் வெறுத்துச் சோழன் வடக்கிருக்கிறான். அவர் வருவாரா என்று பக்கத்திலிருப்பவர்கள் சந்தேகப்படுகிறார்கள். சோழன் சொல்கிற பதில் (216) கவனிக்கத்தக்கது. அவர் தன் பெயரைச் சொல்லும்போதுகூடத் தன் பெயர் சோழன் என்றுதான் சொல்லுவார், கட்டாயம் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். ஆந்தையார் வருகிறார். கூடவே பட்டினி கிடந்து சாகிறார்.

இதோடு முடியவில்லை. பொத்தியார் என்றொரு புலவர். அவரும் கூட இருந்து சாக விரும்புகிறார். உன் மனைவி கர்ப்பமாயிருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் அனுப்பிவிடுகிறான். பிள்ளை பிறந்ததும் திரும்பி வருகிறார் பொத்தியார். சோழன் அப்போது நடுகல்லாகி நிற்கிறான். அந்தக் கல்லைப் பார்த்து, அன்பில்லாதவனே, என் இடம் எது என்று கேட்கிறார் (222). கல் இடம் கொடுத்தது என்று அடுத்த பாட்டு.

தன் பெயரை இழந்து இன்னொருவன் பெயரைச் சூடிக்கொள்வது, பறவையைத் தூது விடுவது, கூடச் சாக இடம் கேட்பது. ஒரு பக்கம் மட்டும் பெண்ணாக இருந்தால் இந்த மூன்றையும் நாம் என்னவென்று சொல்லியிருப்போம்? பரிமேலழகர் நட்பதிகாரத்து 785ஆம் குறளுக்கு உரை எழுதும்போது இந்த இருவரையும்தான் எடுத்துக்காட்டுகிறார். பழக்கம் இல்லாவிட்டாலும் உணர்ச்சி ஒத்தால் போதும், அது கூடவே உயிர்விடும் உரிமையுள்ள நட்பைத் தரும் என்கிறார். கவனியுங்கள், ‘உயிர்விடும் உரிமை’ என்பதை அவரால் மறைக்க முடியவில்லை. இந்த உறவு சாதாரணச் சிநேகிதத்தைத் தாண்டியது என்பது அவருக்குத் தெரிகிறது. நட்பின் உச்சம் என்று சொல்லி அலமாரியைப் பூட்டிவிடுகிறார். உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சிட்டதிலிருந்து இன்றைய பள்ளிக்கூடப் புத்தகம் வரைக்கும் யாரும் அந்தப் பூட்டைத் தொட்டதாகத் தெரியவில்லை.

கோப்பெருஞ்சோழனும் ஆந்தையாரும் உடலுறவு கொண்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பார்த்துக்கொண்டதே சாகிற நேரத்தில்தானே. நான் சொல்வது வேறு. ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் கொள்ளக்கூடிய உணர்ச்சியின் எல்லை என்ன என்று கேட்க வேண்டிய இடத்தில், ‘நட்பு’ என்ற சொல் விடையாக வந்து உட்கார்ந்து கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாடல்களில் பொத்தியாரின் மனைவிக்குப் பெயர் இல்லை. கைக்குழந்தையோடு அவள் கதி என்னவாயிற்று என்று எந்தப் பாட்டும் கேட்கவில்லை. ஆண்களின் அன்பைக் கொண்டாடிய மரபு பெண்ணை எங்கே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

4

எங்கள் ஊர் அப்பரிடமும் இதே சிக்கல் இருக்கிறது. திருவாரூர்ப் பதிகம் ஒன்றில் அவர் ஒரு பெண்ணைப் பாடுகிறார். அவள் முதலில் அவன் பெயரைக் கேட்கிறாள். பிறகு அவன் குணம், ஊர் எல்லாம் கேட்கிறாள். பித்தாகிறாள், அம்மாவையும் அப்பாவையும் விடுகிறாள், ஊர் ஒழுக்கத்தை விடுகிறாள், தன்னையே மறந்து தன் பெயரையே இழந்து அவனோடு சேர்கிறாள்.

தன் பெயரை இழத்தல்! புறநானூற்றில் ஆந்தையாருக்கு நடந்ததும் இதுதானே. அங்கே இருவரும் ஆண்கள் என்பதால் நட்பு என்றார்கள். இங்கே பாடுகிறவர் ஆண், பாடப்படுகிறவன் ஆண், ஆனால் நடுவில் ஒரு பெண் குரல் வந்துவிடுகிறது. உடனே உரைகாரர்கள், ஆன்மா பெண், இறைவன் ஆண், இது நாயகி பாவம் என்று விளக்கிவிடுகிறார்கள். வைணவத்திலும் இப்படியே, நம்மாழ்வார் பராங்குச நாயகி, திருமங்கையாழ்வார் பரகால நாயகி.

தத்துவ விளக்கம் தப்பு என்று சொல்ல நான் யார்? சைவர்களுக்கு அது உண்மை. ஆனால் ஒரு விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆண் உடலின் மீது கொள்ளும் தாபத்தை ஓர் ஆண் பாடுவதற்கு மொழி அவனைப் பெண்ணாக மாறி வரச் சொல்கிறது. அப்படி மாறி வந்த பிறகும், அது உடம்பைப் பற்றியதல்ல, ஆன்மாவைப் பற்றியது என்று இன்னொரு வேலியும் போடப்படுகிறது. இரண்டு வேலி எதற்கு? ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது? சமூக வரலாறு எழுதுகிறவர்கள் பக்தி இயக்கத்தில் நில உடைமையைத் தேடினார்கள், சாதியைத் தேடினார்கள், அரச அதிகாரத்தைத் தேடினார்கள். எல்லாம் வேண்டியவைதான். தாபத்தின் வரலாற்றை மட்டும் உரைகாரர்களிடமே விட்டுவிட்டார்கள்.

5

மறைக்காமல் சொன்ன இடங்களும் உண்டு. பழிப்பதற்குத் தேவைப்பட்டபோது சொன்னார்கள்.

மாலிக் கபூர் நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பெயர். 1311இல் மதுரை வரைக்கும் வந்து கொள்ளையடித்தவன் என்பதாகத் தெரியும். குஜராத்தில் பிடிக்கப்பட்ட அடிமையான கபூர் மேல் அலாவுதீன் கில்ஜி தன் கடைசிக் காலத்தில் மையல் கொண்டிருந்தான் என்று பரனி எழுதியிருக்கிறார். பரனிக்குக் கபூரைப் பிடிக்காது. சுல்தான் கெட்டு அழிந்ததற்கு ஒரு காரணமாகத்தான் இதைச் சொல்கிறார். நவீன வரலாற்றாசிரியர்களில் சிலர் அப்படி ஓர் உறவே இல்லை என்று மறுத்தார்கள். பகைமையோடு எழுதுகிறவரின் சாட்சியத்தைச் சந்தேகிப்பது சரியான முறைதான். ஆனால் அலாவுதீனின் சந்தைக் கட்டுப்பாடு, தானிய விலை பற்றியெல்லாம் எழுதும்போது பெரும்பாலும் நம்பப்படுகிறவர் இதே பரனிதான். அரிசி விலையில் நம்பத்தக்கவர் ஆசை விஷயத்தில் மட்டும் எப்படி வதந்திக்காரர் ஆனார்? இன்னொரு பக்கம், உறவை ஒத்துக்கொள்கிறவர்கள் அதை முஸ்லிம் மன்னனின் ஒழுக்கக்கேட்டுக்குச் சான்றாக எடுத்து வீசுகிறார்கள். ஒரு தரப்பு துடைக்கிறது, மறு தரப்பு சேறாக்குகிறது. விலைக்கு விற்கப்பட்ட ஓர் அடிமைக்கும் சுல்தானுக்கும் இடையில் விருப்பம் என்பதற்கு என்ன அர்த்தம், அதில் அதிகாரம் எவ்வளவு என்கிற முக்கியமான கேள்வி இரண்டு தரப்புக்கும் தேவைப்படவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. மைக்கலாஞ்சலோ இளைஞர் ஒருவருக்கு எழுதிய கவிதைகளை, அவருடைய தம்பியின் பேரன் 1623இல் அச்சிட்டபோது ‘அவன்’களை ‘அவள்’களாக மாற்றிவிட்டார். மூலச்சுவடியைப் பார்த்துத் திருத்த 19ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பக்கத்தில் ஆன் லிஸ்டர் (1791–1840) என்ற நிலவுடைமைக் குடும்பத்துப் பெண், பெண்களுடனான தன் காதல்களைச் சங்கேத எழுத்தில் நாட்குறிப்பாக எழுதி வைத்திருந்தார். அதே குடும்பத்து வாரிசு ஒருவரும் அவருடைய நண்பரும் 1890களில் சங்கேதத்தை உடைத்துப் படித்தார்கள். எரித்துவிடு என்றார் நண்பர். எரிக்க மனமில்லாத வாரிசு சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அந்தப் பகுதிகளோடு ஒரு தேர்வு 1988இல்தான் புத்தகமாக வந்தது. ‘ஆதாரம் இல்லை’ என்று நாம் சொல்கிற இடங்களில் எத்தனை பலகைகள், எத்தனை அடுப்புகள்?

6

ஆதாரம் என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையார் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். அவர்கள் காதலித்தார்களா, சண்டை போட்டார்களா, பேசிக்கொள்ளாமலே காலம் தள்ளினார்களா என்று அதில் ஒன்றும் கிடையாது. அந்தச் சிறு குறிப்பிலிருந்து கல்கி 1950களில் ஐந்து பாகத்துக்குக் காதலை எழுப்பினார். தமிழ்நாடே நம்பியது. நாவல்தானே என்பீர்கள். ஆனால் அந்தக் காதல் ‘நடந்திருக்க முடியாது’ என்று சொல்ல எந்த வரலாற்றாசிரியருக்கும் தோன்றவில்லை. ஆண், பெண் என்றால் ஒரு வரி போதும், ஊகம் இயல்பாகிவிடுகிறது. ஒருபால் உறவு என்றால் ஒரு டஜன் பாட்டு இருந்தும் போதவில்லை, படுக்கையறைச் சாட்சி கேட்கிறார்கள். எந்த ராஜாவுக்கும் ராணிக்கும் அப்படிச் சாட்சி கேட்டோம்? பிள்ளை பிறந்ததே சாட்சி என்றால், பிள்ளைக்கும் காதலுக்கும் சம்பந்தமில்லை என்பது நம் வீடுகளிலேயே தெரிந்த விஷயம்தானே.

சலீம் கித்வாயும் ரூத் வனிதாவும் இந்தியாவில் ஒருபால் அன்பு பற்றிய எழுத்துகளை இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்திலிருந்து தொகுத்து 2000இல் வெளியிட்டார்கள். இரண்டு அரசிகளின் கூடலில் பகீரதன் பிறந்ததாகச் சொல்லும் வங்காளத்துக் கிருத்திவாச ராமாயணமும் அதில் இருக்கிறது. அவர்கள் புதிதாக எந்தச் சுவடியையும் தோண்டி எடுத்துவிடவில்லை. ஏற்கெனவே எல்லோர் கண்ணிலும் பட்ட பிரதிகளை வேறு கேள்வியோடு வாசித்தார்கள், அவ்வளவுதான். தமிழில் கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ 1978இல் வந்தது. அதில் ஆண்களுக்கிடையிலான உறவு ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. நானும் நண்பர்களும் அதைப் பற்றி எத்தனையோ இரவு பேசியிருக்கிறோம். பசி, நோய், தேடல், விடுதலை எல்லாம் பேசினோம். அந்த ஒன்றைத் தாண்டித் தாண்டித்தான் போனோம். சமகாலப் பிரதியிலேயே இந்த லட்சணம் என்றால் சங்கப் பிரதியில் கேட்கவா வேண்டும்?

7

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

ஒன்று, பொற்காலக் கதை வேண்டாம். வெள்ளைக்காரன் 1860இல் 377ஐக் கொண்டுவந்தான், அதற்கு முன் இங்கே எல்லாம் சுகம் என்று ஒரு பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. சட்டம் காலனியத்தின் கைச்சரக்கு என்பது உண்மை. ஆனால் மனுதர்மம் ஆணோடு கூடிய ஆணுக்கு உடுத்த துணியோடு குளித்தால் போதும் என்கிறது. கன்னியைத் தொட்ட பெண்ணுக்குத் தலையை மழி, விரலை வெட்டு, கழுதை மேல் ஏற்று என்கிறது. யாருக்கு எவ்வளவு தண்டனை என்பதில் ஆணாதிக்கம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். பெண்களுக்கிடையிலான உறவு நம் ஆவணங்களில் இன்னும் அரிதாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எழுத்து ஆண்கள் கையில் இருந்தது. பெண்கள் தமக்குள் என்ன பேசினார்கள் என்பது அகப்பாட்டில் தலைவனைப் பற்றி இருந்தால் மட்டுமே பதிவானது. தோழியும் தலைவியும் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், அவர்கள் பேச்சு முழுக்க மூன்றாவது ஆள் ஒருவனைப் பற்றித்தான்.

இரண்டு, கூவாகம். எங்கள் வட்டாரத்தில் இந்தப் பேச்சை எடுத்தால், ‘அதான் கூவாகம் இருக்கே’ என்று உடனே பதில் வரும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் சித்திரையில் நடக்கிற கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது ஊரறிந்தது. அவர்கள் போராடிப் பெற்ற இடம் அது. 2008இல் நலவாரியமும் 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அங்கீகாரமும் வந்ததற்கு அந்தப் போராட்டம்தான் காரணம். ஆனால் பாலின அடையாளம் வேறு, ஒருபால் ஈர்ப்பு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை முடித்துவைப்பதும் ஒரு மறைப்புதான். அதே கூவாகத்தில், சுற்றுவட்டாரத்துக் குடும்பஸ்தர்களான ஆண்களும் வேண்டுதலுக்காக அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஆண் தெய்வத்துக்கு ஆண் தாலி கட்டிக்கொள்கிறான். அதை ‘வேண்டுதல்’ என்ற சொல் மூடிக்கொள்கிறது. பத்திரிகைக்காரர்களின் காமிரா அழகிப் போட்டியோடு நின்றுவிடுகிறது.

8

கடைசியில் என் கணக்கு. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வயதான இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் சின்னதாகத் தொழில் செய்துவந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்பு. ஊரில் ‘கூட்டாளிங்க’ என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஓய்வுபெற்றவர் இறந்தபோது சொந்த ஊரிலிருந்து அண்ணன் தம்பி மக்கள் வந்து இறங்கினார்கள். எம்.ஏ. படித்தவன் என்பதால் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு வாசகம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். உறவினர் பெயர்களை வரிசையாக எழுதி, கடைசியில் ‘உற்ற நண்பர்’ என்று போட்டு அவர் பெயரையும் எழுதினேன். அப்போதே வசதியான அந்தச் சொல்லைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இவரு பேரு எதுக்குங்க, குடும்பத்துப் பேரு மட்டும் இருக்கட்டும்’ என்றார். அடித்துவிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து அவர் என்னைத் தெருவில் பார்த்தார். ‘எம் பேரு வுட்டுப் போச்சா தம்பி?’ என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நான், ‘எடம் பத்தலைங்க அண்ணே’ என்று சொன்னேன்.

நாளைக்கு ஒருவர் எங்கள் ஊர்ச் சமூக வரலாற்றை எழுத வந்தால் அவருக்குக் கிடைக்கப்போவது அந்தச் சுவரொட்டி, ரேஷன் கார்டு, வாரிசுச் சான்றிதழ் இவைதான். எதிலும் அவர் பெயர் இருக்காது. இறந்தவர் தனிக்கட்டை, கூட யாரும் இல்லை என்று ஆதாரத்தோடு எழுதுவார். அவர் எழுதுவதில் தப்பு சொல்ல முடியாது. ஆதாரத்தை அப்படித் தயாரித்தவன் நான். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள் என்று எனக்கு இப்போதும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது என் வேலையும் அல்ல. கூட இருந்தார் என்பதை எழுதுவது என் வேலையாக இருந்தது.

ஆகவே எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருக்கிறவர்களும் பழைய பிரதிகளிடம் ‘இவர்கள் அந்த மாதிரியா’ என்று துருவ வேண்டியதில்லை. சாகும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் இடம் கேட்டார்கள், யார் பெயரை யார் அடித்தார்கள் என்று கேட்டால் போதும். இன்றைய ஆவணங்களை எழுதுகிற கை நம்முடையது என்பதால் இன்னும் ஒரு கடமை கூடுகிறது. சாகிற நேரத்தில் சோழன் சொன்னது, அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்பதுதான். நான் தயாரித்த அந்தச் சுவரொட்டியில் கீழே நான்கு விரற்கடை வெள்ளையாகவே கிடந்தது.